இரண்டு வண்டிக்கு ஒரு சார்ஜர்

அன்று செல்லாரில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அசோசியேஷன் செக்ரட்டரி. மூன்றாம் மாடி மேடம். நான்காம் மாடிக் கணவன், மனைவி. வாட்ச்மேன். என் மனைவி. எங்கள் தலைக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த தம்பி. அப்புறம் நான். வேறு ஒருவரும் இல்லை. எதற்கு இப்படி ஆளெண்ணிச் சொல்கிறேன் என்றால், பிறகு லிஃப்டில் என்னிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசினவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே கிடையாது. ஆனால் கூடவே நின்று பார்த்த மாதிரி பேசினார்கள்.

அந்த எட்டுப் பேரில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், என் மனைவி, தம்பி. தம்பி குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் செக்ரட்டரி. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செல்லார் என்று நாங்கள் சொல்வது அபார்ட்மெண்டுக்கு அடியில் வண்டி நிறுத்துகிற தளத்தை. எங்களுடையது சின்னக் கட்டடம், ஆகவே சின்ன செல்லார். மீட்டர் போர்டும் தண்ணீர் மோட்டாரும் வாட்ச்மேன் கட்டிலும் எல்லாம் அங்கேதான். பெரிய மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் சரிவில் இறங்கிக் கணுக்கால் வரைக்கும் நிற்கும். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தாத்தாவின் அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவராம். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பதினாறு வயதில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்த வண்டி. தெலுங்கு, ஹிந்தி இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால்.

எனக்குத் தினமும் ஒரு டிரிப் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து காஞ்சன்பாக்கில் வேலைக்குப் போகிற மூன்று சாருங்களைக் காலையில் ஏற்றி, ஆபீஸ் கேட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது. அவர்களை விட்டபிறகு ஏர்போர்ட் சவாரி ஏதாவது வந்தால் போவேன். டீசல் வண்டி இருந்தவரை ஓட்டினதில் பாதி டீசலுக்கே போயிற்று. எலெக்ட்ரிக் வண்டி வாங்கச் சொன்னது தம்பிதான். அவன் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தான்.

தம்பி பொள்ளாச்சிப் பக்கம். ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. குடிவந்த வாரம், எங்கள் வீட்டு டி.வி.யில் தமிழ் ஓடுவதைக் கேட்டுவிட்டுக் கதவைத் தட்டினான். “ஏனுங்க, தமிழுங்களா?” என்றான். என் மனைவி, “ஹவ், தமிழ்தான், உள்ளே வாப்பா” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதென்ன தமிழுங்க்கா, ஹவ்வுன்னு?” என்றான். “இது செகந்திராபாத் தமிழ். நக்கோன்னா, வேண்டாம்னா, கதவைச் சாத்திக்கிட்டுப் போ” என்றாள் இவள். அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டான். தனியாக இருந்த பையன், கல்யாணம் ஆகவில்லை. வெளிச் சாப்பாடு வயிற்றுக்குச் சேரவில்லை என்பான். இவள் தினமும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் ரசம் கொடுத்து அனுப்புவாள். டப்பா மட்டும் திரும்பி வராது. கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அதுவே எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. என் மகள் அவனைத் தெலுங்கில் ‘டப்பா அன்னய்யா’ என்றுதான் கூப்பிடுவாள்.

வண்டி வந்தாயிற்று. சார்ஜ் போடுவது எப்படி? முதல் மாதம் முழுக்க எங்கள் முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு ஒயரைக் கீழே தொங்கவிட்டு, வண்டியை ரோட்டோரம் நிறுத்திப் போட்டேன். அந்த மாதம் நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய். யாராவது ஒயரில் தடுக்கி விழுவார்களோ, மழை வந்தால் என்ன ஆகும், நாய் கடித்தால் என்ன ஆகும், பிளக் உருகுமோ, பேட்டரி வெடிக்குமோ. என் சுபாவம் அது. கேஸ் மூடினோமா என்று ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவன். என் மனைவி சொல்வாள்: “உங்களுக்குப் பயப்பட ஒரு விஷயம் கிடைக்கலைன்னா, ஏன் கிடைக்கலைன்னு பயப்படுவீங்க.”

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. செல்லாரில், என் வண்டி நிற்கிற இடத்தில், பயமில்லாமல் சார்ஜ் போட ஒரு பாயிண்ட். காலையில் வண்டி நிறைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் ராணிகஞ்சுக்குப் போனோம். எலெக்ட்ரிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. நான் மனதில் வைத்திருந்தது பெரிய பிளக் பாயிண்ட் ஒன்று, பூட்டு வைத்த டப்பாவுக்குள். கீசருக்கு, ஏ.சி.க்கு வைக்கிற மாதிரி. கடைக்காரர் அதையும் காட்டினார். அப்புறம் சுவரில் மாட்டுகிற சார்ஜர்களைக் காட்டினார். வெள்ளையாக, வழவழவென்று, நடுவில் ஒரு விளக்கு. ஒயரோடு சேர்ந்த துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அதைக் கன் என்றுதான் சொல்கிறார்கள்.

“இது ஸ்மார்ட்” என்றார் கடைக்காரர் ஹிந்தியில். “போனிலேயே ஆன், போனிலேயே ஆஃப். வீட்டில் ஏ.சி. ஓடினால் இது தானாகக் குறைத்துக்கொள்ளும். எத்தனை யூனிட் போச்சுன்னு அதுவே சொல்லும்.”

“எனக்கு நக்கோ பாயி” என்றேன். “எனக்குப் பிளக்கைக் கையால் பிடுங்கினால்தான் ஆஃப் ஆன மாதிரி இருக்கும்.”

கடைக்காரர் சிரித்தார். தம்பி என்னைத் தனியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“ஏனுங்ணா, நீங்க ஒருத்தர் மட்டும்னா அந்தப் பிளக்கே போதும். நாம ரெண்டு பேர் இருக்கறோமுங்களே. நானும் ஆபீஸ்ல சார்ஜுக்கு க்யூ நின்னு நின்னு சலிச்சுப் போயிட்டேன். ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் போட்டுக்கலாம். பாதிப் பாதி.”

“உன் யூனிட், என் யூனிட் எப்படித் தெரியும் தம்பி?”

“அதுக்குத்தானுங்ணா ஸ்மார்ட். கூட ரெண்டு கார்டு தர்றாங்க. உங்க கார்டைத் தொட்டா உங்க கணக்கு, என் கார்டைத் தொட்டா என் கணக்கு. மாசக் கடைசில ஆப்ல பார்த்து நான் குடுத்துப் போடறேன். நமக்குள்ள ஒரு ரூபா சண்டை வராதுங்ணா.”

நமக்குள்ள என்றான். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை.

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். தண்ணீர் வந்தால்? சுவரில் நெஞ்சு உயரத்தில் மாட்டலாம் என்றார்கள். இடி இடித்தால்? அதற்கு ஒன்று வைக்கலாம் என்றார்கள். எர்த் சரியில்லையென்றால்? இது சார்ஜே ஏற்றாது என்றார்கள். குழந்தை யாராவது கன்னை எடுத்து விளையாடினால்? கார்டு தொடாமல் கரண்ட் வராது என்றார்கள். எனக்கு அந்தப் பதில்களில் கொஞ்சம் தைரியம் வந்தது உண்மை. கடைசியில் மூன்று கம்பெனி மாடல்களில் நடு விலைக்கு ஒன்றைத் தம்பியே தேர்ந்தெடுத்தான். நான் போனில் தேடத் தெரியாதவன். அவன் பதினைந்து பேர் எழுதினதைப் படித்துவிட்டு, “இதுதானுங்ணா” என்றான். சரி என்றேன்.

சார்ஜர், கனமான ஒயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம். சீட்டு எடுத்த பணம் என்னிடம் இருந்தது. தம்பிக்கு அந்த மாதம் போனஸ் வரவில்லை. “ஐயாயிரம் இப்ப வெச்சுக்குங்ணா, மீதி இருபத்து நாலு போனஸ் வந்ததும்” என்றான். கடை வாசலிலேயே போனில் அனுப்பினான். நான் மொத்தமும் கட்டினேன்.

மாட்டின அன்று ஆப்பில் பதிவு செய்ய ஒரு நம்பர் கேட்டது. என் போனை நீட்டினேன். “உங்க நம்பர்னா எல்லாம் இங்கிலீஷ்ல வந்துட்டே இருக்குமுங்ணா, அதைப் பார்த்து நீங்க பயந்துக்குவீங்க” என்று சிரித்துக்கொண்டே தன் நம்பரைப் போட்டான். எனக்கு அது தப்பாகவே படவில்லை. எங்கள் வீட்டுக் கேஸ் புக்கிங் என் மகள் நம்பரில். பாங்க் சங்கதி என் மச்சான் நம்பரில். இங்கிலீஷ் தெரிந்தவன் நம்பரில்தான் எங்கள் பிழைப்பு எல்லாமே இருக்கிறது. செக்ரட்டரியிடம் பெர்மிஷன் வாங்கினதும் தம்பிதான். “சார் ஓகே சொல்லிட்டாருங்ணா, உங்க மீட்டர், உங்க பார்க்கிங், அவருக்கென்ன” என்றான். அதையும் வாயால் கேட்டதோடு விட்டேன்.

கரண்ட் என் மீட்டரிலிருந்து. எனக்கு நீலக் கார்டு, அவனுக்கு வெள்ளைக் கார்டு. நான் ராத்திரி முன்பாதி, அவன் பின்பாதி. விடிகாலையில் எழுந்து போனால் என் வண்டி நிறைந்திருக்கும், அவன் வண்டி பச்சை விளக்கோடு நின்றிருக்கும். ஒவ்வொரு மாதமும் தன் யூனிட்டுக்கு உள்ளதைச் சரியாக அனுப்பினான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போனஸ் பற்றி நான் கேட்கவில்லை. கூச்சம்.

ஆனால் பயம் போயிற்றா? போகவில்லை. காலையில் வண்டி எடுக்கும்முன் ஒயரைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருக்கும். உடனே தம்பிக்குப் பேசி அனுப்புவேன். எனக்கு டைப் அடிக்க வராது. போனில் அந்த மைக் பொம்மையை அழுத்திப் பேசிவிடுவேன். ஒருநாள் சூடு, ஒருநாள் கன் டக்கென்று சத்தம், ஒருநாள் விளக்கு வேறு நிறமாகத் தெரிந்தது. அவன் எழுந்ததும் பதில் பேசுவான். தூக்கக் குரலில், “நார்மல்ங்ணா. எட்டு மணி நேரம் போட்டா ஒயர் அவ்ளோ சூடு இருக்கும். கை வைக்க முடியுதல்லோ? அப்ப ஒண்ணுமில்ல.” அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் காலை டீ இறங்கும். சொல்லப் போனால், அந்தச் சார்ஜரைவிட அந்த ஒரு பதிலைத்தான் நான் நம்பி வண்டி ஓட்டினேன்.

இப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் செல்லாரிலிருந்து கருகின வாசனை லிஃப்ட் வழியாக எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. நான் டிரிப்பில் இருந்தேன். மனைவி போன் செய்தாள். “பதறாதீங்க. தண்ணி மோட்டார் ஸ்டார்டர் எரிஞ்சிடுச்சு. நம்மது இல்லை.” நம்மது இல்லை என்று அவள் சொன்னதே பதறத்தான் வைத்தது. வந்து பார்த்தேன். மோட்டார் பெட்டி கருப்பாக இருந்தது. எங்கள் சார்ஜர் அதற்கு எதிர்ச் சுவரில் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. எலெக்ட்ரீஷியனும் அதையேதான் சொன்னார். மோட்டார்தான் காரணம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் காலை செக்ரட்டரி எல்லாரையும் கீழே கூப்பிட்டார். வந்தவர்கள்தான் முதலில் சொன்ன எட்டுப் பேர்.

மோட்டார் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. புது ஸ்டார்டர், ஆளுக்கு இவ்வளவு. பிறகு மூன்றாம் மாடி மேடம் எங்கள் சார்ஜரைக் காட்டினார். “நேற்று மோட்டார். நாளைக்கு இது எரிந்தால்? மேலே குழந்தைகள் இருக்கிறார்கள்” என்றார் தெலுங்கில். நான்காம் மாடிக்காரர் போனில் ஏதோ ஊரில் வண்டி எரிகிற வீடியோவை வைத்திருந்தார். அதை எல்லோரிடமும் காட்டினார், வாட்ச்மேனிடம் கூட.

செக்ரட்டரி சார்ஜர் பக்கம் திரும்பினார். “இதி எவரி பாத்யத?” என்றார். இதற்கு யார் பொறுப்பு என்று.

நான் வாயைத் திறக்குமுன் தம்பி சொன்னான், ஹிந்தியில்: “அண்ணனுடையது சார். நான் ஆப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

எனக்குப் புரியவில்லை. பயத்தில் ஏதோ அவசரமாகச் சொல்லிவிட்டான், திருத்திக்கொள்வான் என்று அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவிதான் சட்டென்று, “இவன் வண்டியும் இதில்தானே நிற்கிறது” என்றாள் தெலுங்கில். வாட்ச்மேன் கீழே பார்த்துக்கொண்டான்.

செக்ரட்டரி தம்பியைப் பார்த்தார். “உங்கள் வண்டியும் போடுகிறீர்களா? என் வீட்டில் குடியிருந்துகொண்டு? என்னிடம் அவருக்கென்றுதானே பெர்மிஷன் கேட்டீர்கள்?”

அங்கேதான் என் நெஞ்சில் முதல் அடி விழுந்தது. பெர்மிஷன் எனக்கென்று மட்டும் கேட்டிருக்கிறான். தன் பேரைச் சொல்லவே இல்லை.

“எப்போதாவது சார்” என்றான் தம்பி. “இப்போது நானே நிறுத்திவிட்டேன். சேஃப்டி எனக்கும் சந்தேகம்தான். அண்ணனுக்கே பயம் சார். அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.” சொல்லிவிட்டுப் போனை எடுத்தான். விரலால் மேலே மேலே தள்ளினான். பிறகு அமுக்கினான்.

செல்லாரில் என் குரல் கேட்டது.

நம் குரலை வெளியே கேட்டால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அது அப்படி இல்லை. நானேதான். மூச்சு வாங்கிக்கொண்டு, ரகசியமாக.

“தம்பி, எழுந்துட்டியா? ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடா இருக்குப்பா. எனக்கு என்னமோ பயமா இருக்கு. எரிஞ்சு கிரிஞ்சு போயிடாதே?”

தம்பி அதை நிறுத்தாமலே இங்கிலீஷில் சொன்னான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். ஒயர் சூடாகிறது என்கிறார், எரிந்துவிடுமோ என்று அவருக்கே பயம் என்கிறார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆனால் என் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“நீ நார்மல்னு சொன்னே, சரிதான். நான்தான் பயந்தாங்கொள்ளின்னு உனக்குத் தெரியுமே. நீ சொன்னா எனக்குப் போதும். அக்கா நேத்து ரசத்துல பூண்டு ஜாஸ்தி போட்டுட்டாளாம், உனக்கு ஒத்துக்கிச்சான்னு கேக்கச் சொன்னா. டப்பாவைக் குடுத்துடு ராசா, அவ என் உசிரை வாங்கறா.”

அந்தப் பாதியை அவன் சொல்லவில்லை. ஐந்து பேர் ஒன்றும் புரியாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். புரிந்த மூன்று பேரில் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்லாரில் அந்தக் கடைசி வார்த்தை முடிந்து டக்கென்று நின்றது.

செக்ரட்டரி என்னிடம், “மீரே அன்னாரா?” என்று கேட்டார். நீங்கள்தான் சொன்னீர்களா?

நான் சொன்னதுதானே? “அவுனு சார்” என்றேன், ஆமாம் என்று.

எனக்குத் தெலுங்கு வராதா? வரும். மீதியை நானே சொல்லியிருக்கலாம். அவன் பதிலாக என்ன சொன்னான் என்பதைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில்கள் எல்லாம் என் போனிலேயே இருந்தன. ஆனால் பூண்டு ரசத்தைப் பற்றி அந்த ஐந்து பேருக்கு நான் எப்படி விளக்குவேன்? அதை விளக்கினால் மட்டும் என்ன?

என் மனைவி விடவில்லை. தமிழிலேயே அவனைக் கேட்டாள். “ஏன்ப்பா, மீதியையும் சொல்லேன். வாய் வலிக்குதா?”

“அக்கா, ப்ளீஸ்ங்க்கா” என்றான் அவன், மெதுவாக.

“அக்காவா? அந்த வார்த்தையையும் இவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு.”

செக்ரட்டரிக்கு எங்கள் சண்டை புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. மாதக் கடைசிக்குள் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும் என்றார். வைத்திருப்பவருக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை மற்றவர்கள் எப்படி ஏற்றுக்கொள்வது என்று கேட்டார். அவர் நிலையில் நின்று பார்த்தால் தப்பில்லாத கேள்வி. கரண்ட் ஆபீஸில் போய்க் கேளுங்கள், ரூல் இருக்கும் என்று மனைவி சொன்னாள். அதற்கெல்லாம் எனக்கு நெஞ்சுத் திடம் கிடையாது. என் வாயே சாட்சி சொல்லிவிட்டபிறகு எந்த ஆபீஸில் போய் நிற்பது?

கழற்றின அன்றைக்குத் தம்பி ஆபீஸ் போய்விட்டான். அடுத்த பத்து நாளில் வீட்டைக் காலி செய்தான். மூவர்ஸ் லாரி வந்தபோது நான் காஞ்சன்பாக்கில் இருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே எங்கள் டப்பாக்கள் நாலு, கழுவித் துடைத்து. மேலே வெள்ளைக் கார்டு. மனைவி டப்பாக்களைத் திரும்பவும் ஒருமுறை தேய்த்துக் கழுவினாள்.

இப்போது நான் சாயங்காலம் சாருங்களை இறக்கிவிட்டு, மெட்டுகுடா தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் இருக்கிற சார்ஜரில் க்யூ நிற்கிறேன். முன்னால் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு மணி நேரம் போச்சு. ஏர்போர்ட் சவாரி எல்லாம் விட்டுப்போயிற்று. யூனிட்டுக்கு வீட்டைவிடக் காசும் கூட. வண்டி லோன் மட்டும் முதல் தேதிக்கு என்னை மறப்பதில்லை. எங்கள் சார்ஜர் அட்டைப் பெட்டியில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று பாலாநகரில் ஒரு ஆளிடம் காட்டினேன். பதிவு செய்த நம்பரிலிருந்து விடுவித்தால்தான் இன்னொருவருக்கு வேலை செய்யும் என்றார். அந்த நம்பர் யாருடையது என்றார். தெரிந்தவருடையது என்றேன்.

அவனுக்குப் போன் செய்யவில்லை. பேசி அனுப்பவும் இல்லை. அந்த மைக் பொம்மையைத் தொடவே கை வருவதில்லை இப்போதெல்லாம். யாருக்கும்.

அந்தப் பங்க்கிலேயே ஒருநாள் அவனைப் பார்த்தேன். என் வண்டி சார்ஜில் நின்றது. அடுத்து வந்து நின்ற வண்டி அவனுடையது. பார்த்துவிட்டான். வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தான். மெலிந்திருந்தான்.

“நல்லாருக்கீங்களாங்ணா?”

“இருக்கேன். நீ என்னப்பா இந்தப் பக்கம்? உங்க புது இடத்துல சார்ஜர் இருக்கும்னாங்களே.”

“ஃப்ரெண்டு கல்யாணங்ணா, இந்தப் பக்கம் வந்தேன். அக்கா நல்லாருக்காங்களா?”

நான் கன் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அவனே பேசினான். செக்ரட்டரியிடம் அவன் ஐந்து மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்திருந்தானாம். அந்தக் கூட்டத்துக்கு முன்பே, அதை நம்பித்தான் புது இடத்துக்கு டோக்கன் கொடுத்திருந்தானாம். சார்ஜரில் தன் பேரும் இருக்கிறது என்று தெரிந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்று பயந்துவிட்டானாம். “பயமுங்ணா. உங்களுக்குத் தெரியாததுங்களா, பயம் வந்தா...” என்று நிறுத்தினான்.

பயம் எனக்குத் தெரியும்தான். என் பயத்தில் நான் யாரையும் தூக்கிக் கொடுத்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன். மாசக்கணக்காக என்னைக் குடைந்துகொண்டிருந்ததை.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னைக்கு நான் பேசினதுல ஏன் பாதியை மட்டும் அவங்களுக்குச் சொன்னே? மீதியையும் சொல்லியிருந்தா உன் அட்வான்ஸா போயிருக்கும்?”

அவன் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தான்.

“மீதி எதுக்குங்ணா? அது நம்ம வீட்டு விஷயம்ங்களே. அவங்ககிட்ட எதுக்குச் சொல்லோணும்?”

நம்ம வீட்டு விஷயம். கிண்டலாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். மனசாரத்தான் சொன்னான். நான் திரும்பி என் வண்டியின் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாகத்தான் இருந்தது.

“அந்தச் சார்ஜரை என் நம்பர்லேர்ந்து எடுத்துப் போடறேனுங்ணா. நீங்க வித்துக்குங்க” என்றான். அங்கேயே நின்று போனில் ஏதோ அமுக்கினான். “ஆயிடுச்சுங்ணா.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பாக்கியும் அனுப்பிடறேன். இந்த மாசம் கொஞ்சம் கல்யாணச் செலவு” என்றான்.

யாருடைய கல்யாணம், அவனுடையதா, ஃப்ரெண்டுடையதா என்று நான் கேட்கவில்லை. கன்னைக் கழற்றி மாட்டிவிட்டு, அவன் வண்டி முன்னால் வர இடம் விட்டு, வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது கையைத் தூக்கிக் காட்டினான். பழக்க தோஷம், நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவன் மெலிந்துவிட்டான் என்பதைத் தவிர. பெட்டியைப் பாலாநகர் ஆளுக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணச் சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்துவிட்டது. அவன் பங்கில் மீதி இருபத்து நாலாயிரம், அந்தக் கடைசி மாத யூனிட்டுக்கு அறுநூறு. இன்னும் வரவேண்டியது இருபத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.